சேலம் பின்கோடும் 214 கோடிப் பகா எண்ணும்

சேலம் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 636001. ஏற்காட்டுக்கு 636601. இரண்டும் ஆறு இலக்கம், இரண்டும் 01-ல் முடிகின்றன, பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. இதில் எது பகா எண் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? முடியாது. இந்தக் கட்டுரையே அந்த ‘முடியாது’ பற்றித்தான். ஆறு இலக்க எண்ணுக்கே மூச்சு வாங்குகிறது என்றால், நான்கு கோடி இலக்கம் உள்ள ஒரு எண்ணைப் பகா எண் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வி வரும். வரட்டும், அங்கேதான் போகப்போகிறோம்.

பகா எண் என்றால் என்ன என்பது பள்ளிப் பாடம், வேகமாகத் தாண்டிவிடலாம். பன்னிரண்டு மாம்பழத்தைத் தட்டில் அடுக்கினால் மூன்று வரிசை நான்கு பழமாகவோ இரண்டு வரிசை ஆறு பழமாகவோ ஒழுங்காக அடுக்கலாம். பதின்மூன்று பழம் கொடுத்தால் ஒரே நீள வரிசைதான், வேறு எப்படி வைத்தாலும் ஒன்று மிஞ்சும் அல்லது குறையும். அப்படி ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய எண்தான் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். மற்றவை பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது.

சரி, பின்கோடுக்கு வருவோம். ஏற்காட்டின் 636601 சீக்கிரமே விழுந்துவிடும். 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 90943 என்று மீதியில்லாமல் வரும். சேலத்தின் 636001 அப்படியில்லை. என் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள், அம்மாபேட்டையில் வீடு. ஏற்காடு பஸ்ஸில் போகும்போது இந்தக் கணக்கைக் கொடுத்தேன். 3-ல் போகவில்லை, 7-ல் போகவில்லை, 11, 13, 17 எதிலும் போகவில்லை. கொஞ்ச நேரம் போன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “மாமா, இது எதுலயும் போகாது, பகா எண்தான், எழுதிக்கோங்க” என்றாள்.

அவள் அவசரப்பட்டுவிட்டாள், ஆனால் அவசரப்படாமல் இருப்பதும் கஷ்டம்தான். எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: எண்ணின் வர்க்கமூலம் வரை போனால் போதும். ஏனென்றால் ஒரு எண் இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது, பெருக்கல் எகிறிவிடும். 636001-ன் வர்க்கமூலம் 797 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் 139. அத்தனையாலும் வகுத்து ஒன்றிலும் போகாவிட்டால்தான் பகா எண் என்று சொல்லலாம். அதற்கு முன்னால் சொன்னால் அது அபிப்பிராயம், நிரூபணம் இல்லை.

உண்மையில் 636001 = 647 × 983. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். 647 என்பது வரிசையில் 118-வது பகா எண். அதாவது முதல் 117 பகா எண்களும் கைவிரித்துவிடும், 118-வதில்தான் எண் உடையும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு வகுத்தல் என்று போட்டால் முதல் முறை மேலே போய்ச் சேரும்போது 71-ஐத்தான் தொட்டிருப்போம். ஆறாவது முறை மலையேறும்போது, 18-வது வளைவில்தான் 647 வரும். சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன்.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. 636001 தொடங்கி 636016 வரை உள்ள எண்களில் ஒன்றுகூட பகா எண் இல்லை. அம்மாபேட்டையின் 636003 எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 3-லும் போகும் 9-லும் போகும். 636005 ஐந்தில் போகும். 636007-ஐ 157 உடைக்கும், அதன் பங்கு 4051. 636011 மறுபடியும் கொஞ்சம் அடம் பிடிக்கும்: 367 × 1733. 636013 ஏழில் போகும். 636017 என்ன ஆகிறது என்று ஓய்வாக இருக்கும்போது நீங்களே பாருங்கள்.

இப்போது 636001-ஐ வேறு வழியில் உடைக்கிறேன். இது 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ஃபெர்மா கண்டுபிடித்த வழி. அவர் தொழிலால் சட்டத்துறைக்காரர், கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்குங்கள்: 798. அதன் வர்க்கம் 636804. அதிலிருந்து 636001-ஐக் கழித்தால் 803. இது ஏதாவது ஒரு எண்ணின் வர்க்கமா? இல்லை. அடுத்தது 799, அப்புறம் 800, இப்படியே போங்கள். 815-க்கு வரும்போது 815 × 815 = 664225, கழித்தால் 28224, அது சரியாக 168-ன் வர்க்கம். ஆக 636001 = 815² − 168². இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை (815 − 168) × (815 + 168) என்று பிரிக்கலாம் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். 647 × 983 வந்து விழுகிறது. 798-லிருந்து 815 வரை மொத்தம் 18 முயற்சி. ஆறு முறை மலையேற வேண்டியதில்லை, முதல் ஏற்றத்திலேயே 18-வது வளைவில் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு சுலபமாகப் போயிற்று? 647-ம் 983-ம் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை, இரண்டும் வர்க்கமூலத்தைச் சுற்றியே இருக்கின்றன. வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றைப் பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி ஒரு எண் செய்கிறார்கள், அந்த இரண்டும் மிக நெருக்கமாக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். நெருக்கமாக இருந்தால் ஃபெர்மாவின் வழியில் யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம்.

ஆக, ஒரு எண் எவ்வளவு பெரியது என்பது ஒரு விஷயம், அது எப்படிப்பட்ட வடிவத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். வடிவம் நமக்குச் சாதகமாக இருந்தால் ராட்சச எண்ணையும் கையாளலாம். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் 2147483647.

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இந்த எண் போன் நம்பர் மாதிரி மனப்பாடம். 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, அதாவது 2³¹ − 1. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. இது பகா எண்ணும்கூட. அதற்கு அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: அடுத்த எண் 2147483648, வெறும் இரண்டுகளின் பெருக்கல். முந்தைய எண் 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331, சில்லு சில்லாக உடைகிறது. இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகும் எண்கள், நடுவில் இது மட்டும் அசையாமல் நிற்கிறது. இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இந்த அளவில் சராசரியாக 21, 22 எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும் என்பதால் இந்த இடைவெளிகள் ஒன்றும் அதிசயமில்லை.

2-ன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி, 1644-ல் ஒரு பட்டியல் கொடுத்தார்: 257 வரையான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டும் பகா எண் வரும் என்றார். பட்டியல் முழுக்கச் சரியில்லை. 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் அதைச் சரிபார்க்க ஆளில்லை, அதனால் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. 2⁶⁷ − 1 எப்படி உடைகிறது என்று 1903-ல்தான் கோல் என்ற அமெரிக்கர் காட்டினார்: 193707721 × 761838257287. கூட்டத்தில் வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதை எவ்வளவு நிஜமோ, பெருக்கல் நிஜம்.

முதலில் ஒரு சின்ன விதி. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். 2⁶ − 1 = 63, உடைகிறது. 2⁹ − 1 = 511 = 7 × 73. ஆகவே பகா அடுக்குகளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பதாலேயே விடையும் அப்படி வந்துவிடும் என்று நம்பக் கூடாது, முதல் அடி 11-லேயே விழுகிறது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்த 23, 89 இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1. 22-ம் 88-ம் 11-ன் மடங்குகள். இது தற்செயல் இல்லை.

என்ன நடக்கிறது என்று பார்க்க, 2-ன் அடுக்குகளை ஒவ்வொன்றாக 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுவோம். 2, 4, 8, 16. அடுத்தது 32, மீதி 9. அதை இரட்டித்தால் 18, அப்புறம் 36, மீதி 13. இப்படியே 3, 6, 12, கடைசியில் 24, மீதி 1. ஒன்று வந்ததும் மறுபடி 2, 4, 8 என்று அதே வரிசை தொடங்கிவிடும். சுழற்சியின் நீளம் 11. எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும் (2-ஐத் தவிர) இந்தச் சுழற்சியின் நீளம் அந்த எண்ணிலிருந்து ஒன்று குறைத்தால் வருவதை மீதியின்றி வகுக்கும். இங்கே 22-ஐ 11 வகுக்கிறது. இதுவும் நம் ஃபெர்மாவின் கண்டுபிடிப்புதான், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்பார்கள். பெயர்தான் சிறியது.

இதை 2147483647-க்குப் போட்டுப் பார்ப்போம். ப என்ற ஒரு பகா எண் அதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே சுழற்சியின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், எனவே சுழற்சி 31-ஆகத்தான் இருக்க முடியும் (1-ஆக இருக்க முடியாது, ஏனென்றால் 2-ஐ வகுத்ததும் மீதி 1 வராது). ஆக, ப − 1 என்பது 31-ன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. ஆகவே ப − 1 என்பது 62-ன் மடங்கு. அவ்வளவுதான் தர்க்கம். 2147483647-ஐ வகுக்க ஆசைப்படும் எந்தப் பகா எண்ணும் 62-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருந்தே ஆக வேண்டும், இல்லாதவற்றைத் தொடவே வேண்டாம்.

இதற்கு மேல் இன்னொரு வடிகட்டியும் உண்டு. இப்படி வரும் ப-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இதன் நிரூபணம் கொஞ்சம் நீளம், இங்கே அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வடிகட்டியையும் சேர்த்துப் போட்டால் மிஞ்சுவது 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303 என்று போகும். இதிலும் 63, 249 எல்லாம் 3-ல் போகும், 497 ஏழில் போகும், 559 = 13 × 43, 1241 = 17 × 73. பகா எண்ணாக நிற்பது 311-ம் 1303-ம்தான். 1303 வரை சாதாரணமாக 200-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டே இரண்டு வகுத்தல். 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. இரண்டும் போகவில்லை, மேலே போகலாம்.

எதுவரை? 2147483647-ன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை பகா எண்கள் கிட்டத்தட்ட 4,800 இருக்கின்றன. வடிகட்டிகளுக்குப் பிறகு மிஞ்சும் எண்கள் 370 சொச்சம், அதிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் இன்னும் குறையும். பத்து இலக்க எண்ணைக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டே முடித்துவிடலாம்.

அப்படி முடித்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர். 1772-ல் பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய கடிதத்தில் 2³¹ − 1 பகா எண் என்று அறிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. மனிதர் மனக்கணக்கில் புலி என்பது தெரிந்த கதைதான், ஆனால் எனக்கு அவருடைய நினைவாற்றலைவிட அந்த வடிகட்டும் புத்திதான் பெரிதாகத் தெரிகிறது. 4,800 முறை வகுக்கிற உழைப்பாளியும் இதே விடைக்கு வந்திருப்பார், ஆனால் ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு தகவல், வேகமாக. 6-ஐத் தவிர்த்தால் 6-ன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இப்படிப்பட்டவை நிறைவெண்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கொடுக்கும் என்று யூக்ளிட் காலத்திலேயே தெரியும்: 2 × 3 = 6, 4 × 7 = 28, 16 × 31 = 496, 64 × 127 = 8128. இரட்டைப்படை நிறைவெண் எல்லாமே இந்த வடிவம்தான் என்று ஆய்லர் காட்டினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 வரும், 19 இலக்க நிறைவெண். 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் தன் புத்தகத்தில், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, பயனில்லை, யார் மெனக்கெடப் போகிறார்கள் என்ற பொருளில் எழுதினார். மெனக்கெட ஆள் இருந்தார்கள். 1876-லேயே லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று நிரூபித்துவிட்டார். அவர் கண்டுபிடித்த வழியை அமெரிக்கரான லேமர் 1930-ல் மெருகேற்றினார், இன்றும் அது நடப்பில் இருக்கிறது.

அந்த வழியில் வகுத்துத் தேடுவதே இல்லை. 4-ல் தொடங்குங்கள். வர்க்கம் செய்து 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கு எவ்வளவோ அதில் இரண்டு குறைவான முறை செய்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2⁷ − 1 = 127-க்குச் செய்து காட்டுகிறேன், ஐந்து முறை. 4-லிருந்து 14. 14-ன் வர்க்கம் 196, இரண்டு கழித்தால் 194, 127-ஆல் வகுத்தால் மீதி 67. 67-ன் வர்க்கம் 4489, கழித்தால் 4487, மீதி 42. 42-லிருந்து 1762, மீதி 111. 111-லிருந்து 12319, அது சரியாக 127 × 97. மீதி பூஜ்யம். 127 பகா எண். 2047-க்கு இதையே ஒன்பது முறை செய்தால் கடைசியில் 1736 நிற்கும், பூஜ்யம் இல்லை. ஆகவே உடையும் எண். எதால் உடையும் என்று இந்தச் சோதனை சொல்லாது, உடையும் என்று மட்டும் சொல்லும். அக்கா மகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, “காரணியே தெரியாம காரணி இருக்குன்னு எப்படி மாமா சொல்லுது?” என்று மலையிறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். நியாயமான கேள்வி. அதன் முழு விளக்கத்துக்குக் கல்லூரிக் கணிதம் கொஞ்சம் வேண்டும்.

2147483647-க்கு 29 முறை செய்தால் முடிந்தது. கணினிக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இப்போது தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் என்பவர் கண்டுபிடித்தார், 4,10,24,320 இலக்கங்கள். உலகம் முழுக்க ஆர்வலர்களின் கணினிகளை இணைத்து 1996-லிருந்து நடக்கும் கிம்ப்ஸ் என்ற தேடலில் கிடைத்தது. இதற்கு லூக்கா–லேமர் சோதனை என்றால் பதிமூன்றரைக் கோடிக்கும் மேல் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கோடி இலக்க எண்ணை வர்க்கம் செய்ய வேண்டும். இவ்வளவு பெரிய எண்ணைக்கூட சோதிக்க முடிவது அது 2-ன் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருப்பதால்தான். அதே நீளத்தில் சும்மா ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்தால் இந்தச் சோதனை உதவாது. எந்த வடிவத்தில் இருந்தாலும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லும் ஒரு பொது வழியை 2002-ல் ஐஐடி கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். கோட்பாட்டில் அது பெரிய சாதனை, நமக்குப் பெருமையும்கூட, ஆனால் நடைமுறையில் மெர்சென் எண்களுக்கு லூக்கா–லேமர் வேகத்தை அது நெருங்காது.

சரி, 2147483647-ஐக் கணினிக்காரர்கள் ஏன் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்? 32 இடங்களில் ஒரு எண்ணை எழுதும்போது ஒரு இடம் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. அத்தனையிலும் ஒன்று போட்டால் வரும் பெரிய எண் இதுதான். பழைய கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளை இப்படித்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடி கழித்தல் எண்ணாகி, மாற்றப்படாத கணினி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதற்கும் அது பகா எண் என்பதற்கும் துளி சம்பந்தமில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பந்தம் இருக்கும் இடம் வேறு.

கணினி விளையாட்டில் சீட்டுக் கலைப்பதற்கும் கணினிப் பரிசோதனைகளுக்கும் கண்டபடி வரும் எண்கள் தேவை. கணினிக்குக் கண்டபடி யோசிக்கத் தெரியாது, கணக்குப் போட்டுத்தான் அப்படி நடிக்க வேண்டும். ஒரு வழி: மீதிகளைச் சுற்றிவிடுவது. 3-ன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறு எண்களும் ஒன்றுவிடாமல் வந்துவிடும். அதையே 8-ஆல் வகுத்தால் 3, 1, 3, 1 என்று இரண்டிலேயே சுழலும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, பெருக்கும் எண்ணையும் பார்த்து எடுத்தால், எல்லா மீதியும் ஒரு முறை வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பிக்கும். நம் 2147483647-க்கு 16807 அப்படிப்பட்ட பெருக்கும் எண், அது 7-ஐ ஐந்து முறை பெருக்கி வருவது. 1-ல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று பார்ப்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லாமல் போகும், 214 கோடிக்கும் மேற்பட்ட எண்களைத் தொட்ட பிறகே மறுபடி 1 வரும். இப்படிப் பெருக்கி மீதி எடுக்கும் யோசனை அதே லேமருடையது. இந்தக் குறிப்பிட்ட எண்களை 1988-ல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். எழுதிய நிரல் சரியா என்று பார்க்க ஒரு சோதனையும் சொன்னார்கள்: 1-ல் தொடங்கி 10,000-வது முறை 1043618065 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. இன்று ரகசியச் சாவி போன்ற வேலைகளுக்கு இதைத் தொடவே கூடாது, அடுத்த எண்ணை யாரும் கணித்துவிடலாம். விளையாட்டுக்கும் பாடத்துக்கும் போதும்.

கடைசியாக ஒன்று. 3 பகா எண், 2³ − 1 = 7 பகா எண், 2⁷ − 1 = 127 பகா எண், 2¹²⁷ − 1 பகா எண். 5-ல் தொடங்கினாலும் 31 வரும், 2³¹ − 1 வரும். அப்படியானால் அடுத்த படியாக 2-ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதும் பகா எண்ணா? அந்த எண்ணை எழுதினால் 64 கோடிக்கும் மேல் இலக்கம் வரும். இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணைவிடப் பதினைந்து மடங்கு நீளம், லூக்கா–லேமர் சோதனைக்கு நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் ஆய்லரின் வடிகட்டி இங்கேயும் அப்படியே பொருந்தும்: இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 2 × 2147483647-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அந்த மடங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனால், 68745-வது மடங்கில் 295257526626031 வருகிறது. எட்டால் வகுத்தால் மீதி 7. பதினைந்தே இலக்கம், அது அந்த 64 கோடி இலக்க எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறது.